அகதிக் குழந்தைகளைக் காக்கும் முறை

1971ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் முதல், நம் நாட்டில் அனுப்பப்பெறும் கடிதங்களில் வழக்கமான தபால்தலையோடு 5 பைசா மதிப்புள்ள மற்றொரு தலையும் ஒட்டப்பெறுதல் வேண்டும் என அரசாங்கம் விதித்தது. ‘அகதிகள் நிவாரணம்’ என்னும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. தென்கோடியிலுள்ள ஓர் உழவர் சென்னையிலிருக்கும் தம் மகனுக்கு நலம் விசாரித்து எழுதிய கடிதமும், வங்காள எல்லையில் கூடாரத்தில் கிடந்த முன்பின் அறியாத ஒரு குழந்தைக்காக 5 பைசாவைச் சுமந்து சென்றது. 1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை இவ்வேற்பாடு நடைபெற்றது. பழைய கடிதக் கட்டுகளைப் பேணி வைத்திருக்கும் வீடுகளில் அத்தலையை இன்றும் காணலாம்.

நிவாரணத்திற்குப் பணம் இன்றியமையாதது. ஆயினும், பணமும் தானியமும் வந்து சேர்ந்த பின்னரும் முகாம்களில் குழந்தைகள் மாண்டதுண்டு. உணவு இருந்தும் குழந்தை இறப்பது ஏன்? அதனைத் தடுக்கும் வழி யாது? உதவியை எந்த வரிசையில், யார் கையால், எவ்வளவு அளவில் வழங்குதல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு உலகம் கடந்த நூறு ஆண்டுகளில் சிறிது சிறிதாக விடை கண்டது. அவ்விடைகளுள் மிகச் சிறந்த ஒன்று நம் நாட்டின் முகாம் ஒன்றில், மிக எளிய பொருள்களைக் கொண்டு நிலைநாட்டப்பட்டது. அவ்வரலாற்றையும் அதன் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

பகைவன் குழந்தையும் குழந்தையே

போரினால் வாடும் குழந்தைகளுக்கு, நாடு, இனம், கட்சி ஆகியவற்றைக் கருதாது உதவ வேண்டும் என்னும் எண்ணம் இன்று இயல்பானதாகத் தோன்றுகிறது. முதல் உலகப் போரின் முடிவில் அஃது அவ்வளவு எளிதாக ஏற்கப்படவில்லை. 1918ஆம் ஆண்டு நவம்பரில் போர் நின்ற பிறகும், நேச நாடுகள் ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின்மீது விதித்திருந்த முற்றுகையைத் தொடர்ந்து நடத்தின. அங்குள்ள குழந்தைகள் பாலின்றி மெலிந்தனர். இங்கிலாந்தைச் சேர்ந்த எக்லாண்டைன் ஜெப் என்னும் அம்மையார், மெலிந்த ஆஸ்திரியக் குழந்தைகளின் படத்தைத் துண்டு வெளியீடாக அச்சிட்டு, 1919ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கைக்கு உட்படாத வெளியீட்டைப் பரப்பினார் எனக் குற்றஞ்சாட்டப்பெற்று 5 பவுன் அபராதமும் விதிக்கப்பெற்றார். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரே அத்தொகையைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பது அக்காலத்து மக்கள் உள்ளத்தைப் பெரிதும் தொட்ட செய்தியாகும்.

அவ்வாண்டிலேயே ‘குழந்தைகளைக் காப்போம்’ எனப் பொருள்படும் பெயருடன் ஒரு நிதி நிறுவப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, அவ்வம்மையார் வரைந்த குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924ஆம் ஆண்டில் சர்வதேச சங்கம் ஏற்றுக்கொண்டது. துன்பக் காலத்தில் உதவி முதன்முதலாகக் குழந்தைக்கே கிடைத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளுக்கென ஒரு தனி நிதியை ஏற்படுத்திற்று. யூனிசெப் என நாம் அறிந்துள்ள அந்த ஸ்தாபனம் சில ஆண்டுகளுக்கு மட்டுமே நடைபெறும் எனக் கருதப்பட்டது. குழந்தைகளின் தேவை குறையக் காணாமையால், 1953ஆம் ஆண்டில் அது நிலையான ஸ்தாபனமாக்கப்பட்டது.

எல்லை கடந்து வந்த ஒரு கோடி மக்கள்

கொள்கை வகுப்பது ஒன்று. அதனைச் சேற்றிலும் மழையிலும் நின்று நிறைவேற்றுவது வேறொன்று. 1971ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் இரவு, அந்நாள் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா நகரில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. உயிருக்கு அஞ்சிய மக்கள் கால்நடையாகவும் படகிலும் மாட்டு வண்டியிலும் இந்திய எல்லையை நோக்கி வந்தனர். மே திங்களில் நாளொன்றுக்குச் சராசரி ஒரு லட்சம் பேர் எல்லை கடந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டின் முடிவில் அவர்களின் தொகை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. மேற்கு வங்காளம், திரிபுரா, மேகாலயா, அஸ்ஸாம் ஆகிய பகுதிகளில் 800க்கு மேற்பட்ட முகாம்கள் அமைக்கப்பட்டன. சுமார் 15 லட்சம் மக்களைக் கொண்ட சிறிய திரிபுராவில், வந்து சேர்ந்த அகதிகளின் எண்ணிக்கை அத்தொகையை நெருங்கியது. கல்கத்தாவை அடுத்த சால்ட் லேக் பகுதியில், கழிவுநீர்க் கால்வாய்க்கென இறக்கி வைக்கப்பட்டிருந்த பெரிய கான்கிரீட் குழாய்களையே சில குடும்பங்கள் வீடாகக் கொண்டன.

ஒரு சிற்றூருக்கு ஒரு திருவிழா நாளில் இரட்டிப்பு மக்கள் வந்துவிட்டாலே குடிநீரும் கழிப்பிடமும் எவ்வாறு திணறுகின்றன என்பதை ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோர் அறிவர். திருவிழா இரண்டு நாளில் முடியும். முகாம்களோ மழைக்காலம் முழுவதும் நீடித்தன. மே, ஜூன் திங்களில் வாந்திபேதி என்னும் காலரா பரவிற்று. அதற்கு முதலில் இரையானோருள் பெரும்பாலார் குழந்தைகளும் முதியோரும் ஆவர்.

பசி உயிர் கவரும் வழி

பசியால் வாடும் குழந்தை பெரும்பாலும் பசியினால் மட்டும் இறப்பதில்லை என்பதை நாம் முதற்கண் அறிதல் வேண்டும். ஊட்டமின்மை உடலின் காவலைத் தளர்த்துகிறது. குடலின் உட்புறத் தோல் மெலிகிறது. நோய்க்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. அந்நிலையில் அசுத்த நீரால் வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. வயிற்றுப்போக்கினால் உண்ட சிறிது உணவும் உடலில் ஒட்டாது கழிகிறது, பசியுணர்வும் அற்றுவிடுகிறது. மெலிந்த குழந்தை மேலும் மெலிகிறது. அடுத்த நோய் மேலும் எளிதில் பற்றுகிறது. இச்சுழலில் அகப்பட்ட குழந்தைக்குத் தட்டம்மையோ நிமோனியாவோ வந்தால் தப்புவது அரிது. நல்ல ஊட்டமுள்ள குழந்தை தட்டம்மையிலிருந்து பெரும்பாலும் மீண்டெழும். மெலிந்த குழந்தைக்கு அதுவே இறுதி நோயாகிவிடலாம்.

இடப்பெயர்ச்சி இச்சுழலை விரைவுபடுத்துகிறது. கிணறு, அடுப்பு, விறகு, பாத்திரம், பசு, பாட்டியின் துணை, மருத்துவச்சியின் அறிவுரை ஆகிய யாவும் ஒரே நாளில் இல்லாமற் போகின்றன. தாய் ரேஷன் வரிசையில் அரை நாள் நிற்கிறாள். அவ்வரை நாளும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏழு வயது மூத்த பிள்ளையே எஞ்சுகிறது. ஆகவே, முகாமுக்கு அரிசி மூட்டை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது எனக் கொள்வதற்கில்லை. நீர், கழிப்பிடம், தடுப்பூசி, உணவு, தாய்க்கு ஓய்வு ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

1971ஆம் ஆண்டு முகாம்களில் இவ்வுண்மை நன்கு உணரப்பட்டது. அரிசி பங்கிடப்பட்ட பின்னும் சிறு குழந்தைகள் மெலிவதைக் கண்டு, ‘ஆபரேஷன் லைப்லைன்’ என்னும் பெயரில் குழந்தைகளுக்கென ஓர் ஊட்டத் திட்டம் வகுக்கப்பட்டது. இன்னும் மெலியாத குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் கூடுதல் உணவு அளிப்பது ஒரு நிலை. ஏற்கெனவே கடுமையாக மெலிந்தோரைத் தனி நிலையங்களில் வைத்துச் சிகிச்சை செய்வது மற்றொரு நிலை. இவ்விரு நிலைப் பகுப்பே இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படும் முறைக்கு ஒத்ததாகும்.

பன்காவ் மருத்துவமனையில் நிகழ்ந்தது

எல்லையை ஒட்டிய பன்காவ் என்னும் ஊரின் மருத்துவமனைக்கு, 1971ஆம் ஆண்டு ஜூன் திங்களில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்னும் குழந்தை மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். இரண்டு அறைகளின் தரை முழுவதும் காலரா நோயாளிகள் கிடந்தனர். சிகிச்சை செய்ய அமர்வதற்கும் தூய இடமில்லை. அந்நாளில் காலராவுக்கு ஏற்ற சிகிச்சை, உப்பு நீரை ஊசி வழியாக நரம்பில் ஏற்றுவதே. அதற்குரிய புட்டிகளும் குழாய்களும் ஊசிகளும், அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்றோரும் போதிய அளவில் இல்லை. இரண்டு நாள்களிலேயே கையிருப்புத் தீர்ந்துவிடும் என்பது தெளிவாயிற்று.

உப்பையும் குளுக்கோசையும் குறிப்பிட்ட அளவில் நீரிற் கலந்து வாய்வழியே பருகச் செய்தால் காலரா நோயாளியும் பிழைப்பார் என்பது டாக்கா, கல்கத்தா ஆகிய இடங்களின் ஆராய்ச்சி நிலையங்களில் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. ஆயின் அவை தேர்ந்த மருத்துவர்களின் மேற்பார்வையில், மருத்துவமனைப் படுக்கைகளில் நடைபெற்ற சோதனைகள். கல்வியறிவு குறைந்த ஏழைத் தாயிடம், நெரிசல் மிக்க முகாமில் அதனை ஒப்படைக்கலாமா என்பதில் மருத்துவ உலகம் ஐயம் கொண்டிருந்தது. வேறு வழியற்ற நிலையில் டாக்டர் மகலனாபிஸ் அதனைச் செய்யத் துணிந்தார்.

ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்பது அளவு. இம்மூன்றும் கல்கத்தாவிலேயே கிடைத்தன. நிலையத்தின் நூலக அறையில் அவற்றை நிறுத்துப் பாலிதீன் பைகளில் இட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினர். பைகளை முகாமுக்கு எடுத்துச் சென்று, குழாய் பொருத்திய பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தனர். நோயாளியின் உறவினர் குவளையில் பிடித்துச் சென்று, அருகிலமர்ந்து சிறிது சிறிதாகப் பருகச் செய்தனர். ஒரு லிட்டருக்கு ஆன செலவு சுமார் 11 பைசா. மிகக் கடுமையாகத் தளர்ந்தோருக்கு மட்டும் ஊசி வழியே நீர் ஏற்றப்பட்டது.

சுமார் இரண்டு திங்களில் 3,700 பேருக்கு மேல் அங்குச் சிகிச்சை பெற்றனர். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுவந்த இடத்தில், இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 3.6 என்னும் அளவுக்கு இறங்கிற்று. இவ்வெண்களுக்குப் பின்னே தாய்மார் பலர் தம் கையாலேயே தம் குழந்தையை மீட்ட காட்சி மறைந்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் டாக்டர் தீமான் பருவா முகாமுக்கு வந்து இதனை நேரிற் கண்டு, பிற நாடுகளிலும் பரப்ப முயன்றார். 1978ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ், இந்நூற்றாண்டின் மிகச் சிறந்த மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்னும் கருத்தை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் காலமான டாக்டர் மகலனாபிசுக்கு, அவர் மறைவிற்குப் பின் 2023ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உப்புக்கு வழிகாட்டும் சர்க்கரை

இவ்வெளிய கலவை வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வது நலம். காலரா நஞ்சு குடலினின்று உப்பையும் நீரையும் வெளியே பெருக்கெடுக்கச் செய்கிறது. வெறும் நீரைக் கொடுத்தால் இழந்த உப்பு ஈடாவதில்லை. வெறும் உப்பு நீரைக் கொடுத்தாலோ, அது குடலில் ஏறாது வெளியேறிவிடுகிறது. ஆனால் குடலின் சுவரில் மற்றொரு வாயில் உண்டு. சர்க்கரையும் உப்பும் இணைந்து வந்தால் மட்டுமே அது திறக்கும். காலராவிலும் அவ்வாயில் கெடுவதில்லை. சர்க்கரையோடு உப்பு உட்புகுகிறது. உப்பைப் பின்பற்றி நீரும் உட்செல்கிறது. சர்க்கரை கூடினால் குடலில் நீர் மேலும் சுரந்து பேதி மிகும். உப்புக் கூடினால் உடலுக்குத் தீங்கு. ஆதலின் அளவு தவறாமை இன்றியமையாதது. பின்னர் நடந்த ஆய்வுகளின்படி, 2002ஆம் ஆண்டு முதல் உப்பும் குளுக்கோசும் சற்றுக் குறைக்கப்பட்ட கலவையே உலக சுகாதார ஸ்தாபனத்தால் பரிந்துரைக்கப்படுகிறது. நம் சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். என வழங்கும் பொட்டலம் இவ்வழி வந்ததே.

உணவளிப்பதிலும் ஒரு வரிசை உண்டு

நெடுநாள் பட்டினி கிடந்த குழந்தையைக் கண்டதும் வயிறு நிறைய ஊட்டவேண்டும் என்று தோன்றுவது மனித இயல்பு. இவ்வியல்பான கருணையே சிலபோது உயிருக்கு ஊறு விளைவிக்கும். மிக மெலிந்த குழந்தையின் இதயமும் சிறுநீரகமும் ஈரலும் குறைந்த ஆற்றலில் இயங்கப் பழகியிருக்கும். திடீரெனப் பெருமளவு உணவும் உப்பும் சேர்ந்தால் இரத்தத்திலுள்ள தாதுக்களின் சமநிலை குலைந்து, இதயம் நின்றுவிடவும் கூடும்.

ஆகவே முதல் சில நாள்களில் குழந்தையைப் பருக்கச் செய்வது நோக்கமன்று, நிலைநிறுத்துவதே நோக்கம். உடல் குளிர்ந்துவிடாதபடி தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தி வைப்பர். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாதபடி இரவிலும் இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒருமுறை சிறிதளவு ஊட்டுவர். மெலிந்த குழந்தைக்குக் காய்ச்சல் தோன்றாமலே நோய்த்தொற்று இருக்கக்கூடுமாதலால் அதற்குரிய மருந்தும் அளிப்பர். இந்நிலையில் தரப்படும் பால் கலவைக்கு எப்-75 என்று பெயர். 100 மில்லி லிட்டரில் 75 கலோரி உள்ளது என்பது அதன் பொருள். பசி திரும்பிய பின்னரே, 100 கலோரி உள்ள எப்-100 என்னும் கலவைக்கு மாற்றுவர். இரும்புச் சத்து மருந்தும் தொடக்கத்திலேயே தரப்படுவதில்லை. சோகையைக் கண்டு இரக்கமுற்று முன்கூட்டியே கொடுத்தால் நோய்த்தொற்று மிகுவதற்கு இடமுண்டு. பேதியும் கடும் மெலிவும் சேர்ந்த குழந்தைக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ்ஸும் ஏற்றதன்று, உப்புக் குறைந்த தனிக் கலவையே தேவை. இவை யாவும் மருத்துவ நிலையத்தில் செய்யத்தக்கவை.

நல்லெண்ணத்தால் விளையும் மற்றொரு தீங்கையும் கூறுதல் வேண்டும். பேரிடர்க் காலங்களில் மூட்டை மூட்டையாகப் பால்மாவு அன்பளிப்பாக வந்து குவிவதுண்டு. தூய நீரும் விறகும் இல்லாத முகாமில், அசுத்தப் புட்டியில் கரைத்த பால்மாவு கைக்குழந்தைக்கு நஞ்சுக்கு ஒப்பானது. தாய்ப்பால் தூயது; நோயெதிர்ப்பைத் தருவது; விறகும் நீரும் வேண்டாதது. அச்சத்தாலும் களைப்பாலும் பால் வற்றிவிட்டது எனத் தாய் எண்ணினாலும், குழந்தையை அடிக்கடி மார்பில் விடுவதால் பால் மீண்டும் சுரக்கும். எனவே கைக்குழந்தைக்கு உதவ விரும்புவோர், முதலில் அதன் தாய்க்கு உணவும் நீரும் மறைவான இடமும் அளித்தல் வேண்டும்.

நாடாவும் நிலக்கடலையும்

ஆயிரக்கணக்கான குழந்தைகளுள் யார் உடனடி ஆபத்தில் உள்ளார் என்பதை எவ்வாறு அறிவது? இதற்குப் பயன்படுவது ஒரு சிறிய நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதியை அதனால் சுற்றி அளப்பர். 115 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. உயிருக்கு ஆபத்தான மெலிவு என்பது பொருள். 115 முதல் 125 வரை மஞ்சள், கவனம் தேவை. அதற்கு மேல் பச்சை. எடை பார்க்கும் தராசும் வயதுச் சான்றும் இல்லாத இடத்திலும் அரை நிமிடத்தில் இவ்வளவை எடுக்கலாம். எழுத்தறியாத தாயும் நிறத்தைக் கொண்டு தன் குழந்தையின் நிலையை அறிய முடிகிறது. பல நாடுகளில் தாய்மாரிடமே நாடாவைக் கொடுத்து அளக்கப் பழக்குகின்றனர்.

முன்னாளில் கடுமையாக மெலிந்த குழந்தை மூன்று நான்கு வாரங்கள் சிகிச்சை நிலையத்திலேயே தங்கவேண்டியிருந்தது. தாயும் உடன் தங்கினால் வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளுக்கு யார் துணை? அதனால் பலர் வாராதிருந்தனர். வந்தோரும் இடையிற் சென்றனர். நெரிசலான நிலையங்களில் ஒரு குழந்தையின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றவும் செய்தது. 1990களில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்து, உணவுத் தயாரிப்பாளர் மிஷேல் லெஸ்கான் ஆகியோர், எப்-100 கலவையிலிருந்த பால்மாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கடலை விழுதைச் சேர்த்து ஒரு புதிய உணவை உருவாக்கினர். நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுக்கள் ஆகியவை சேர்ந்த இவ்விழுதில் நீர் இல்லை. ஆதலால் கிருமி எளிதில் வளர்வதில்லை. சமைக்கவோ கரைக்கவோ வேண்டுவதில்லை. 92 கிராம் கொண்ட ஒரு பொட்டலத்தில் 500 கலோரி உண்டு. வேறு நோயின்றிப் பசியோடிருக்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்து இதனால் தேற்ற முடியும் என்பது ஆப்பிரிக்க நாடுகளில் மெய்ப்பிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், யூனிசெப், உலக உணவுத் திட்டம் ஆகியவை சேர்ந்து இம்முறையை ஏற்றுக்கொண்டன.

இதனை நிரந்தர உணவாகக் கருதிவிடலாகாது. கடும் மெலிவுக்குரிய மருந்தாகவே கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டில் பொட்டல உணவைவிட உள்ளூர்த் தானியமும் பருப்பும் முட்டையும் கொண்டு சமைத்த உணவே மேல் என்னும் கருத்து வலுவாக உள்ளது. அமைதி நிலவும் ஊருக்கு அது பொருந்தும். அடுப்பே இல்லாத முகாமின் நிலை வேறு.

முகாமுக்குரிய பொது விதிகள்

மருந்தும் உணவும் நோய் வந்தபின் உதவுவன. நோய் வாராமற் காப்பவை நீரும் தூய்மையும். உலகின் நிவாரண ஸ்தாபனங்கள் பல கூடி 1997ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்பியர்’ என்னும் திட்டத்தின் வாயிலாகக் குறைந்த அளவுகள் சில வகுக்கப்பட்டுள்ளன. ஆளொன்றுக்கு நாள்தோறும் 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பிடம், ஆளொன்றுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம். நாளொன்றுக்கு 2,100 கலோரி உணவு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கழிப்பிடங்கள் பெண்களும் சிறுமியரும் இரவில் அச்சமின்றிச் சென்றுவரத்தக்க இடத்தில், விளக்குடன் அமைதல் வேண்டும். முகாம் அமைந்தவுடன் செய்யவேண்டிய முதற்பணிகளுள் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்று. ஆறு மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதினர் வரை யாவர்க்கும் அதனை இடுவதும், சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ அளிப்பதும் வழக்கம்.

கூட்டத்தில் பெற்றோரைப் பிரிந்த குழந்தையின் துயர் தனிப்பட்டது. அதனை உடனே அனாதை எனப் பதிவு செய்து தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பிவிடுவது பெருந்தவறு. அதன் தாய் அடுத்த முகாமில் தேடிக்கொண்டிருக்கலாம். கண்டெடுத்த இடம், நாள், குழந்தை சொல்லும் பெயர்கள், அணிந்திருந்த உடை ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, படம் எடுத்து, தேடும் பணியைத் தொடங்குதல் வேண்டும். அதுவரை உறவினரிடமோ தெரிந்த அண்டை வீட்டாரிடமோ ஒப்படைத்துக் கண்காணிப்பதே நலம். செஞ்சிலுவைச் சங்கங்கள் இத்தேடும் பணியில் நெடுங்கால அனுபவம் உடையவை.

உதவியால் ஆவதும் ஆகாததும்

1971ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க் நகரில் நடத்திய இசை நிகழ்ச்சியின் நுழைவுக் கட்டணமாகச் சேர்ந்த ஏறத்தாழ 2,43,000 டாலர், குழந்தைகளுக்கென யூனிசெப்புக்கு அளிக்கப்பட்டது. உலக நாடுகள் பலவும் உதவின. ஆயினும் செலவின் பெரும்பகுதியை நம் நாடே ஏற்றது. எல்லையோரச் சிற்றூர் மக்கள் தம் திண்ணையையும் பள்ளியையும் கிணற்றையும் பகிர்ந்துகொண்டனர். முப்பது லட்சம் பேரளவில் முகாம்களுக்கு வெளியே உறவினர், நண்பர் இல்லங்களில் தங்கினர். அதனால் கூலி குறைந்து விலை ஏறிய இன்னலையும் அவ்வூர் ஏழைகளே தாங்கினர். நிவாரணம் திட்டமிடுவோர் அகதிகளோடு அவர்களை ஏற்ற ஊராரையும் கருதுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

அகதிகளின் துயர் முடிவுற்றது முகாம்களால் அன்று. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் போர் முடிந்து வங்கதேசம் விடுதலை பெற்ற பிறகே அவர்கள் திரும்பினர். அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் மிகப் பெரும்பாலோர் தம் ஊர்களை அடைந்தனர். நிவாரணம் போரை நிறுத்தாது; எரிந்த வீட்டைத் திரும்பத் தாராது. வீடு திரும்பும் நாள் வரும்போது குழந்தை உயிரோடு இருக்கச் செய்வதே அதன் பணி. வழி அடைக்கப்பட்டு, உணவும் மருந்தும் உள்ளே செல்ல விடாது தடுக்கப்படும் இடங்களில், இத்துணை அறிவும் பயனற்றதாகிவிடுகிறது. பட்டினியைப் போர்க்கருவியாக்குதலைச் சர்வதேசச் சட்டம் தடுப்பது இதனாலேயே.

நாம் செய்யத்தக்கவை

புயலும் வெள்ளமும் வருங்கால் நம் கடற்கரை ஊர்களின் மக்களும் சில நாள்களேனும் பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் தங்க நேருகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோளுக்குப் பின் பல குடும்பங்கள் பல திங்கள் தற்காலிகக் குடில்களில் வாழ்ந்ததை நாம் மறக்கவில்லை. ஆதலின் மேற்கூறியவை நமக்கும் உரியவையே.

ஊராட்சி மன்றத்தாரும், அங்கன்வாடிப் பணியாளரும், கிராம சுகாதாரச் செவிலியரும், மகளிர் குழுவினரும் மழைக்காலத்திற்கு முன்னரே கூடிச் சில ஏற்பாடுகளைச் செய்து வைக்கலாம். தங்குமிடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் எத்தனை பேருக்குப் போதும் என எண்ணிப் பார்த்தல், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரின் பட்டியலை வைத்திருத்தல், பாலூட்டும் தாய்மார்க்கு மறைவான ஓர் அறையை ஒதுக்குதல், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களைப் போதிய அளவில் பெற்று வைத்தல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் தூய நீரிலேயே கரைத்தல் வேண்டும். பாதி பாதியாகக் கரைத்தலும் கூடுதல் சர்க்கரை சேர்த்தலும் தவறு. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. பேதியின்போதும் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. செவிலியரைக் கேட்டுத் துத்தநாக மாத்திரையையும் 10 முதல் 14 நாள் வரை கொடுத்தல் நலம். குழந்தை பருக மறுத்தாலும், சோர்ந்து கண் செருகினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

பன்காவில் மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்தனர்; ஆனால் ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் ஒரு தாயோ பாட்டியோ தமக்கையோ இருந்தார். அவர்கள் கையில் சரியான பொருளையும், சரியான அளவையும், தெளிவான சொல்லையும் கொடுத்தபோது குழந்தைகள் பிழைத்தனர். அச்சொல்லை நம் ஊரின் ஒவ்வொரு வீட்டிற்கும் இடர் வருமுன்னரே கொண்டுசேர்ப்பது கிராமப் பணியில் ஈடுபட்டுள்ள நம் அனைவரின் கடமையாகும்.